கப்பலேறாம கடலோட அடிய வரைஞ்சவங்க

கடலோட அடிய மேப்பா வரைஞ்ச அமெரிக்க ஜியாலஜிஸ்ட் மேரி தார்ப் பத்தி எங்க படிச்சாலும் முதல்ல வர்றது அந்த "பொண்ணுங்க பேச்சு" கதைதான். 1952-ல அட்லாண்டிக் கடலுக்கு அடியில ஒரு நீளமான பள்ளத்தாக்கு ஓடுதுன்னு அவங்க சொல்றாங்க, கூட வேலை பாத்த புரூஸ் ஹீசன் அத பொண்ணுங்க பேச்சுன்னு ஒதுக்கி வெச்சிடுறாரு, அப்புறம் அவங்க சொன்னதுதான் சரின்னு ஆகுது. உண்மைதான், ஹீசனே பின்னாடி வெளிப்படையா சொன்ன விஷயம்தான் இது. ஆனா இத படிச்சு முடிக்கிறப்பெல்லாம் எனக்கு ஒரு கேள்வி பாக்கி நிக்கும். சரி, அவங்க அத எப்படித்தான் கண்டுபிடிச்சாங்க? கடலுக்குப் போகல, கப்பல்ல ஏறவே விடல, தண்ணிக்குள்ள கேமராவும் அனுப்பல. நியூயார்க் பக்கத்துல ஹட்சன் ஆத்தங்கரையில ஒரு கட்டடத்துல ஒரு மேஜை, காகிதம், மை, பேனா, அவ்ளோதான் கையில இருந்தது. அந்த மேஜையில நடந்ததத்தான் நான் இங்க பேசணும்னு நெனைக்கிறேன், ஏன்னா அத யாரும் நிதானமா சொல்றதில்ல.

எனக்கு இதுல ஒரு சொந்த அக்கறையும் இருக்கு. நான் சிவில் டிராஃப்டிங்ல வேலை பாத்தவ. சைட்லேர்ந்து லெவல் புக் வரும், அதுல ஒவ்வொரு இடத்தோட உயரமும் வரிசையா நம்பரா இருக்கும், அத வெச்சு கான்டூர், அதாவது ஒரே உயரத்துல இருக்கிற இடங்கள சேக்கிற கோடு, போடணும். ஒரு பாயின்ட்டுக்கும் அடுத்த பாயின்ட்டுக்கும் நடுவுல தரை மேல ஏறுதா கீழ இறங்குதா, ஓடை எந்தப் பக்கம் திரும்புதுன்னு லெவல் புக்குல எழுதியிருக்காது, அத முடிவு பண்றது போர்டுல உக்காந்திருக்கிற ஆள்தான். ஆனா ஆபீஸ்ல அத ஒரு முடிவுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, "வரைஞ்சு குடுத்தாங்க"ன்னுதான் சொல்லுவாங்க. தார்ப்பயும் ரொம்ப வருஷம் அப்படித்தான் சொன்னாங்க. மத்தவங்க கொண்டு வந்த டேட்டாவ வரைஞ்சு குடுத்தவங்கன்னு.

அவங்க பொறந்தது 1920 ஜூலை 30, அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல இப்சிலாண்டின்னு ஒரு ஊர். அப்பா வில்லியம் தார்ப் அமெரிக்க விவசாயத் துறைக்காக மண் வகைகள சர்வே பண்ணி மேப் போடுறவரு. வேலை எங்க இருக்கோ அங்க குடும்பத்தோட போயிடுவாரு, அதனால மேரி பள்ளிக்கூடம் மாறி மாறித்தான் படிச்சாங்க. லீவு நாள்ல அப்பாகூட வயல்வெளிக்குப் போறது, அவரு மண்ண எடுத்துப் பாக்குறது, குறிச்சுக்கிறது, சாயங்காலம் அத மேப்பா மாத்துறது, இதெல்லாம் பாத்து வளர்ந்த பொண்ணு. அம்மா ஜெர்மனும் லத்தீனும் சொல்லிக் குடுத்த டீச்சர், மேரிக்கு 15 வயசுல இறந்துட்டாங்க. காலேஜ்ல படிச்சது இங்கிலீஷ் இலக்கியமும் சங்கீதமும், ஓஹையோ பல்கலைக்கழகத்துல 1943-ல முடிச்சாங்க. சாதாரண காலமா இருந்திருந்தா அதோட ஏதாவது ஒரு ஸ்கூல்ல டீச்சரா போயிருப்பாங்கன்னு நெனைக்கிறேன். ஆனா அது உலகப் போர் நேரம், ஆம்பளப் பசங்க எல்லாம் போருக்குப் போயிட்டாங்க, வகுப்பு காலியா கெடக்குது, மிச்சிகன் பல்கலைக்கழகம் பெட்ரோலியம் ஜியாலஜி கோர்ஸ்ல பொண்ணுங்களயும் சேத்துக்க ஆரம்பிச்சது. அந்தக் கதவு வழியாத்தான் மேரி தார்ப் உள்ள வந்தாங்க.

படிச்சு முடிச்சு ஓக்லஹோமா மாநிலம் டல்சாவுல ஒரு எண்ணெய்க் கம்பெனியில சேந்தாங்க. அங்கயும் ஃபீல்டுக்குப் போக பொண்ணுங்களுக்கு அனுமதி இல்ல, ஃபீல்டுக்குப் போன ஆம்பளைங்களுக்கு மேப்பும் தகவலும் எடுத்துக் குடுக்கிற வேலை. சும்மா இருக்காம அங்கயே டல்சா பல்கலைக்கழகத்துல கணக்குலயும் ஒரு டிகிரி வாங்கினாங்க. 1948-ல நியூயார்க் வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்துல மாரிஸ் யூயிங்னு ஒரு பெரிய ஜியாலஜிஸ்ட்ட போய் வேலை கேட்டாங்க. ஜியாலஜி, கணக்கு, இங்கிலீஷ், சங்கீதம்னு இப்படி ஒரு கலவையான படிப்பப் பாத்து அவருக்கு இவங்கள எங்க வெக்கிறதுன்னே புரியல, கடைசியில கேட்டது ஒரே கேள்வி: உங்களுக்கு டிராஃப்டிங் வருமா? வரும்னாங்க. வேலை கெடச்சது. ஜியாலஜியில மாஸ்டர்ஸ் முடிச்ச ஒருத்தருக்கு அந்தக் காலத்துல கெடச்ச கதவு அதுதான்.

கொஞ்ச நாள்லயே யூயிங்கோட குழு பாலிசேட்ஸ்ங்கிற இடத்துல லாமான்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாறுது. வந்த புதுசுல அங்க இருக்கிற பல ஆராய்ச்சி மாணவர்களுக்கும் மேரி கணக்குப் போட்டுக் குடுத்து, படம் வரைஞ்சு குடுத்து இருந்திருக்காங்க. 1952-லேர்ந்து ஹீசனுக்கு மட்டும்னு ஆச்சு. ஹீசன் இவங்கள விட நாலு வயசு சின்னவரு, அயோவாக்காரரு, கடல் பயணம்னா உயிர். அவரு கப்பல்ல போவாரு, ஆழம் அளந்து கொண்டு வருவாரு, இவங்க கரையில இருந்து அத வரைவாங்க. பொம்பளைங்க கப்பல்ல ஏறினா ராசி இல்லன்னு ஒரு நம்பிக்கை அப்ப அமெரிக்க ஆராய்ச்சிக் கப்பல்கள்ல இருந்தது, அதனால மேரி முதல் முறையா ஆராய்ச்சிக் கப்பல்ல போனது 1968-லதான். அதாவது உலகமே அவங்க மேப்ப வெச்சுப் பேச ஆரம்பிச்சு பத்து வருஷம் கழிச்சு.

இப்ப அந்த மேஜைக்கு வர்றேன்.

கடலோட ஆழத்த அப்ப அளந்தது எக்கோ சவுண்டர்னு ஒரு கருவிய வெச்சு. கப்பல்லேர்ந்து ஒரு ஒலி கீழ போகும், தரையில பட்டுத் திரும்பி வரும், எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாத்தா ஆழம் தெரியும். கடல் தண்ணியில ஒலி செகண்டுக்கு சுமார் 1500 மீட்டர் போகும், அப்ப 3000 மீட்டர் ஆழம்னா போயி வர நாலு செகண்ட். கப்பல் போயிக்கிட்டே இருக்க இருக்க ஒரு நீளமான பேப்பர் சுருள்ல இது பதிவாகிக்கிட்டே வரும். கேக்க சுலபமா இருக்கு, ஆனா அந்தச் சுருள்ல இருக்கிறது கப்பல் போன அந்த ஒரே ஒரு கோட்டுக்கு நேர் கீழ இருக்கிற ஆழம் மட்டும்தான். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்னன்னு அது சொல்லாது. அதுமட்டுமில்ல, ஒலியோட வேகம் தண்ணியோட சூட்டுக்கும் உப்புக்கும் ஆழத்துக்கும் ஏத்த மாதிரி மாறும், கப்பல் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சதே நட்சத்திரத்தையும் சூரியனையும் பாத்துத்தான், அதனால ஆழம் சரியா இருந்தாலும் இடம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். இருட்டுல ஒரு பெரிய மலைத்தொடர் மேல குறுக்கால ஆறு கயித்தப் போட்டுட்டு, கயிறு எங்க மேடா இருக்கு எங்க தொய்யுதுன்னு தடவிப் பாத்து மொத்த மலையையும் வரையச் சொன்னா எப்படி இருக்கும், அதுதான் அவங்களுக்குக் குடுத்த வேலை.

ஆறுன்னு நான் சும்மா சொல்லல. வடக்கு அட்லாண்டிக்கக் குறுக்கால கடந்த பல கப்பல்களோட அளவுகள சேத்து, சரி பண்ணி, மேரி வரைஞ்சது ஆறு குறுக்குவெட்டுப் படங்கள். ஆக வடக்கில இருக்கிறது அமெரிக்காவோட மார்த்தாஸ் வின்யார்ட் தீவுலேர்ந்து ஜிப்ரால்டர் வரைக்கும், ஆகத் தெற்குல பிரேசிலோட ரெசிஃபேலேர்ந்து ஆப்பிரிக்காவுல ஃப்ரீடவுன் வரைக்கும். உயரத்த மட்டும் நாப்பது மடங்கு பெருசாக்கி வரைஞ்சாங்க, இல்லன்னா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துல மேடு பள்ளமே கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் ஆறையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கிப் பாத்தாங்க.

நடுவுல ஒரு மலைத்தொடர் இருக்குங்கிறது புது விஷயம் இல்ல. சேலஞ்சர் கப்பல் 1872-லேர்ந்து 1876 வரைக்கும் போனப்பவே அட்லாண்டிக் நடுவுல ஒரு மேடு இருக்குன்னு தெரிஞ்சது, 1920-கள்ல மீடியோர்ங்கிற ஜெர்மன் கப்பல் அத இன்னும் நல்லா காட்டிடுச்சு. அதனால ஆறு படத்துலயும் மலை வந்தது யாரையும் ஆச்சரியப்படுத்தியிருக்காது. மேரி பாத்தது வேற. ஒவ்வொரு படத்துலயும் மலை உச்சிய மலை உச்சியோட பொருத்திப் பாத்தா பொருந்தவே இல்ல, ஒண்ணுல இருக்கிற சிகரம் அடுத்ததுல இல்ல. ஆனா உச்சிக்குப் பக்கத்துல ஒரு வெட்டு, வி எழுத்து மாதிரி ஒரு ஆழமான பள்ளம், அது மட்டும் பொருந்திச்சு, அதுலயும் வடக்குல இருக்கிற மூணு படத்துல ரொம்ப நல்லாவே பொருந்திச்சு. இந்த இடத்தத்தான் நான் எத்தன தடவ படிச்சாலும் நின்னுடுவேன். எல்லாரும் மேட்டப் பாத்துக்கிட்டு இருக்கிறப்ப இவங்க பள்ளத்தப் பாத்தாங்க. ஒரு சிகரம் தனியா இருக்கலாம், ஆனா நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தள்ளி எடுத்த அளவுல ஒரே இடத்துல ஒரே மாதிரி பள்ளம் வருதுன்னா அது தனித்தனிக் குழி இல்ல, ஒரே பள்ளத்தாக்கு மலையோட முதுகு நெடுக ஓடுதுன்னு அர்த்தம். லெவல் புக் நம்பர்ல ஓடை எங்க போகுதுன்னு தேடின அனுபவம் இருக்கிற யாருக்கும் இது எவ்ளோ பெரிய கண்ணுன்னு தெரியும். டேட்டா எல்லாருக்கும் ஒண்ணுதான், ஹீசனுக்கும் யூயிங்குக்கும் அதே சுருள்தான் கெடச்சிருந்தது.

மலை உச்சியில பள்ளத்தாக்கு இருக்குன்னா என்ன அர்த்தம்னு ஜியாலஜி படிச்சவங்களுக்குத் தெரியும். பூமி அங்க ரெண்டு பக்கமும் இழுபட்டு விரியுது. அப்படின்னா கண்டங்கள் நகருதுன்னு ஆகிடும். அத 1912-லயே ஆல்ஃபிரட் வெகனர்ங்கிற ஜெர்மன்காரரு சொல்லி, எல்லாரும் சேந்து அவர ஒதுக்கி, அவரும் 1930-ல கிரீன்லாந்து பனியில இறந்து போயிட்டாரு. நாப்பதுகள், அம்பதுகள்ல அமெரிக்க ஜியாலஜிஸ்ட்டுகள் நடுவுல கண்டங்கள் நகருதுன்னு பேசுறது கிட்டத்தட்ட மதத்துக்கு விரோதமா பேசுற மாதிரி. ஹீசன் அந்தப் படங்களப் பாத்து முனகிட்டு, இருக்க முடியாது, இது கண்டம் நகர்ற மாதிரியே இருக்குன்னு சொன்னாருன்னு மேரியே எழுதியிருக்காங்க. "பொண்ணுங்க பேச்சு" வந்தது இந்த இடத்துலதான். அதுல ஆணவம் இருக்கு, அத நான் மறைக்கல, ஆனா அதுல பயமும் இருக்குன்னு எனக்குத் தோணுது. அந்தப் பள்ளம் உண்மைன்னா அவரு படிச்சது, அவரோட வாத்தியார் நம்பினது எல்லாம் ஆட்டம் காணும். முனகினதுக்குக் காரணம் அவருக்கு அர்த்தம் உடனே புரிஞ்சதுதான்.

மேரி சண்டை போட்டாங்க, ரெண்டு பேரும் வருஷக்கணக்குல சண்டை போட்டுக்கிட்டேதான் வேலை பாத்தாங்க, ஆனா வாயால ஜெயிக்கல. ஜெயிச்சது பக்கத்து மேஜையில நடந்த வேற ஒரு வேலையால. கடலுக்கடியில போற தந்தி, டெலிஃபோன் கேபிள் எல்லாம் அறுந்து போறது அப்ப ஒரு பெரிய தலைவலி. 1929-ல கனடா பக்கம் கிராண்ட் பேங்க்ஸ்ல ஒரு நிலநடுக்கம் வந்தப்ப கேபிள் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா அறுந்தது, அது கடலடியில சேறும் மணலும் வெள்ளமா சரிஞ்சு ஓடினதாலன்னு 1952-ல ஹீசனும் யூயிங்கும் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. அந்தத் தொடர்ச்சியில பெல் டெலிஃபோன் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துக்காக, கேபிள் போட எந்த இடம் பத்திரம்னு பாக்க, கடலுக்கடியில வந்த நிலநடுக்கங்களோட மையத்த எல்லாம் மேப்ல குறிக்கிற வேலைய ஹவார்ட் ஃபாஸ்டர்னு ஒருத்தர்கிட்ட ஹீசன் குடுத்திருந்தாரு. ஃபாஸ்டர் ஓவியப் பள்ளியில படிச்சவரு, காது கேக்காது. ரொம்ப பொறுமையா ஒவ்வொரு புள்ளியா வெச்சுக்கிட்டு வந்தாரு. அவரோட மேப்பும் மேரியோட மேப்பும் ஒரே அளவுல இருக்கணும்னு சொன்னது ஹீசன்தான், இது அவரோட கணக்குல கண்டிப்பா சேக்க வேண்டிய புண்ணியம். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தா ஃபாஸ்டரோட புள்ளி எல்லாம் வரிசையா மேரி வரைஞ்ச பள்ளத்தாக்குக்குள்ள வந்து விழுது.

இதுக்கு அப்புறம் நடந்தத நெனச்சா எனக்கு இன்னும் சிலிர்க்கும். ஆழம் அளந்த டேட்டா வடக்கு அட்லாண்டிக்ல ஓரளவுக்கு இருந்தது, மத்த கடல்ல எல்லாம் ரொம்பக் கொஞ்சம். ஆனா நிலநடுக்க டேட்டா உலகம் முழுக்க இருக்கு. பள்ளத்தாக்கு இருக்கிற இடத்துலதான் நிலநடுக்கம்னா, நிலநடுக்கப் புள்ளி வரிசையப் புடிச்சுக்கிட்டே போனா பள்ளத்தாக்கும் கெடைக்கணும். அப்படியே போனாங்க. தெற்கு அட்லாண்டிக் வழியா இறங்கி, ஆப்பிரிக்காவச் சுத்தி, இந்தியப் பெருங்கடலுக்குள்ள ஏறி, ஏடன் வளைகுடா வழியா கிழக்கு ஆப்பிரிக்காவோட நிலப் பிளவு வரைக்கும் அது போகுது. கென்யாவுலயும் எத்தியோப்பியாவுலயும் தரை மேல கண்ணால பாக்கக்கூடிய பிளவுப் பள்ளத்தாக்கோட குறுக்குவெட்டையும் கடலடிப் பள்ளத்தாக்கோட குறுக்குவெட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா ரெண்டும் ஒரே ஜாதி. உலகத்தையே சுத்தி ஒரே மலைத்தொடர், இன்னைக்குக் கணக்குல சுமார் 65,000 கிலோமீட்டர். பூமியில இதவிடப் பெருசா வேற எந்த நில அமைப்பும் இல்ல, அத அதுவரைக்கும் யாரும் முழுசா பாத்ததில்ல.

1956-ல இந்த உலகளாவிய மலைத்தொடர் பத்தி யூயிங்கும் ஹீசனும் அறிவிச்சாங்க. அதுல மேரி தார்ப்போட பேர் இல்ல. இதுக்கு நான் எந்த சமாதானமும் சொல்ல மாட்டேன், பேர் இருந்திருக்கணும். அடுத்த வருஷம் ஹீசன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல போயி இதப் பத்திப் பேசினப்ப அங்க ஜியாலஜி பேராசிரியரா இருந்த ஹாரி ஹெஸ் எழுந்து, இளைஞனே, நீ ஜியாலஜியோட அஸ்திவாரத்தையே ஆட்டிட்டேன்னு சொன்னாராம். அந்த வார்த்தை போய்ச் சேர வேண்டிய ஆள் அந்த ரூம்லேர்ந்து தள்ளி ஒரு மேஜையில தென் அட்லாண்டிக்க வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ஆனா மேப்புல அவங்க பேர் இருந்தது, அதையும் சொல்லணும். 1957-ல வந்த வடக்கு அட்லாண்டிக் படத்துலயும், 1959-ல ஹீசன், தார்ப், யூயிங் மூணு பேரும் சேந்து போட்ட புத்தகத்துலயும் பேர் இருக்கு.

அந்த மேப்போட வடிவத்துக்குப் பின்னாடி ஒரு காரணம் இருக்கு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. சாதாரணமா ஆழத்தக் காட்டணும்னா கான்டூர் கோடு போடுவாங்க. ஆனா பனிப்போர் காலம், நீர்மூழ்கிக் கப்பல் விவகாரம், துல்லியமான ஆழக் கணக்க வெளியிடக் கூடாதுன்னு அமெரிக்கக் கடற்படை ரகசியமாக்கி வெச்சிருந்தது. நம்பர் இல்லாம எப்படிக் காட்டுறது? கொலம்பியாவுல லோபெக்னு ஒரு புவியியல் பேராசிரியர் தரைக்கு ஒரு முறை வெச்சிருந்தாரு, மேலேர்ந்து சாய்வா பாக்குற மாதிரி மலைய மலையாவே, பள்ளத்தப் பள்ளமாவே வரையுறது. அந்த முறைய எடுத்து கடலுக்கு வெச்சாங்க, கடல்ல இருக்கிற தண்ணி மொத்தத்தையும் வடிச்சிட்டா எப்படித் தெரியுமோ அப்படி. கோடு கோடா, ஒவ்வொரு சரிவையும் பேனாவால இழுத்து இழுத்து. கான்டூர் மேப்பா வந்திருந்தா அது நிபுணர்களோட அலமாரியில போயி உக்காந்திருக்கும், இந்த மாதிரி வந்ததாலதான் யார் வேணா பாத்து புரிஞ்சுக்க முடிஞ்சுது. அந்த முதல் படம் வெளிவந்தது பெல் கம்பெனியோட தொழில்நுட்பப் பத்திரிகையில, கேபிள் போடுற இஞ்சினியர்களுக்காக எழுதின ஒரு கட்டுரையோட.

அளவே இல்லாத இடத்துக்கு என்ன பண்றதுங்கிறது இன்னொரு பெரிய கேள்வி. சில இடத்துல பக்கத்துல தெரிஞ்சத வெச்சு நீட்டி வரைஞ்சாங்க. ஒண்ணுமே இல்லாத ஒரு பெரிய வெத்து இடத்துல மேப்போட குறிப்புப் பெட்டிய வெச்சு மறைச்சாங்க. பழைய காலத்து மேப் மாதிரி கடற்கன்னியும் உடைஞ்ச கப்பலும் போடலாம்னு தனக்கு ஆசையா இருந்ததுன்னும், ஹீசன் ஒத்துக்கலன்னும் அவங்களே எழுதியிருக்காங்க. இப்ப சிலர், அவங்க பாதி இடத்த ஊகத்துலதான வரைஞ்சாங்க, அது எப்படி விஞ்ஞானம்னு கேக்குறாங்க. ஊகம்தான், ஆனா எந்த மாதிரி ஊகம்? எங்க நிலநடுக்கம் வருது, எங்க பிளவு திரும்புது, எரிமலைத் தரை எப்படி இருக்கும், சேறு படிஞ்ச சமவெளி எப்படி இருக்கும்னு ஜியாலஜி தெரிஞ்சவங்க போட்ட ஊகம். பின்னாடி சேட்டிலைட் வந்து கடல் மட்டத்தோட நுணுக்கமான ஏத்த இறக்கத்த வெச்சு கடலடிய கணிச்சுப் பாத்தப்ப அவங்க வரைஞ்ச மலைத்தொடரோட போக்கு அப்படியே நின்னுது, சின்னச் சின்ன விவரம்தான் மாறிச்சு. ஜியாலஜி தெரியாத ஒரு டிராஃப்ட்ஸ்மேன்கிட்ட அதே டேட்டாவக் குடுத்திருந்தா அது நடந்திருக்காது.

நம்பாதவங்க நெறைய பேர் இருந்தாங்க. அதுல ஒருத்தர் ஜாக் கூஸ்தோ, பிரான்ஸ் நாட்டுக் கடல் ஆய்வாளர். பொய்னு நிரூபிக்கிறேன்னு தன்னோட கலிப்ஸோ கப்பலுக்குப் பின்னாடி ஒரு கேமராவ சறுக்குவண்டியில கட்டி கடலடியில இழுத்துக்கிட்டே அட்லாண்டிக்கக் கடந்தாரு. பள்ளத்தாக்கு இருந்தது. கன்னங்கரேல்னு செங்குத்தான பாறை, மேல வெள்ளையா படிவு. அந்தப் படத்த 1959-ல நியூயார்க்ல நடந்த முதல் சர்வதேச கடலியல் மாநாட்டுல அவரே போட்டுக் காட்டினாரு. தான் தப்புன்னு தெரிஞ்சதும் அத எல்லார் முன்னாடியும் காட்டின அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை உண்டு.

அதுக்கப்புறம் நடந்தது வேகமா நடந்தது. ஹீசன் ஒரு கட்டத்துல, பூமியே ஊதிப் பெருசாகுதுன்னு நம்பினாரு, அதனாலதான் நடுவுல பிளவுன்னு. அது தப்பு. 1962-ல ஹாரி ஹெஸ் சொன்னதுதான் நின்னது: நடுமலையில புதுத் தரை உருவாகி ரெண்டு பக்கமும் விலகிப் போகுது, ஆழமான அகழிகள்ல பழைய தரை உள்ள போயிடுது, பூமி அதே சைஸ்தான். 1963-ல வைன், மேத்யூஸ்னு ரெண்டு இங்கிலாந்து ஜியாலஜிஸ்ட்டுகள் கடலடிப் பாறையோட காந்தப் பதிவ வெச்சு அதுக்கு ஒரு ஆதாரம் காட்டினாங்க. அறுபதுகள் முடியுறதுக்குள்ள பிளேட் டெக்டானிக்ஸ், அதாவது பூமியோட மேல்பகுதி தட்டுத் தட்டா நகருதுங்கிற கருத்து, ஜியாலஜியோட அடித்தளமா ஆயிடுச்சு.

இங்க நம்ம பக்கத்து விஷயம் ஒண்ணு சொல்லியாகணும். லெமூரியான்னு நாம கேட்டு வளர்ந்தது, 1864-ல பிலிப் ஸ்க்லேட்டர்னு ஒரு இங்கிலாந்து விலங்கியல் அறிஞர் வெச்ச யூகம். லெமூர்ங்கிற விலங்கும் அதோட உறவுகளும் மடகாஸ்கர்லயும் இந்தியப் பக்கமும் இருக்கு, நடுவுல கடல் இருக்கு, அப்ப நடுவுல ஒரு கண்டம் இருந்து முழுகியிருக்கணும்னு நெனைச்சாரு. கண்டங்கள் நகராதுன்னு நம்பின காலத்துல அது நியாயமான யோசனைதான். அப்புறம் அது தமிழ்நாட்டுக்கு வந்து குமரிக்கண்டத்தோட சேந்தது. இந்தியப் பெருங்கடலோட அடிய ஹீசனும் தார்ப்பும் 1964-ல வரைஞ்சு குடுத்தத பாத்தா அங்க இருக்கிறது நடுமலையும், பிளவுகளும், தொண்ணூறாவது தீர்க்கரேகை ஓரமா நேர்க்கோடு போட்ட மாதிரி வடக்கு தெற்கா ஓடுற ஒரு நீண்ட மலையும். அந்த நிலங்கள் ஒரு காலத்துல ஒண்ணா ஒட்டியிருந்து பிரிஞ்சு விலகிப் போச்சு, நடுவுல கண்டம் முழுக வேண்டிய தேவையே இல்ல. நமக்குப் பிரியமான கதைங்கிறதால இத சொல்ல தயங்கக் கூடாதுன்னு நெனைக்கிறேன். ஒரு தட்டு அவ்ளோ தூரம் நகந்து வந்து ஆசியாவுல இடிச்சு இமயமலைய எழுப்பினது எந்தக் கதைக்கும் குறைஞ்சது இல்ல.

லாமான்ட்ல நெலமை மோசமாச்சு. யூயிங்குக்கும் ஹீசனுக்கும் பகை முத்தி, ஹீசன் நிரந்தர வேலையில இருந்ததால அவர வெளிய அனுப்ப முடியல, ஆனா டேட்டா தர்றத நிறுத்திட்டாங்க, மேரிக்கு வேலையே போச்சு. ரெண்டு பெரிய மனுஷங்க சண்டையில அடி விழுந்தது பாதுகாப்பு இல்லாத இடத்துல இருந்தவங்களுக்கு. அவங்க சவுத் நயாக்ல இருந்த தன் வீட்டுலயே மேஜையப் போட்டு, ஹீசன் வாங்கின கடற்படை நிதியில வேலையத் தொடர்ந்தாங்க. அந்த சமயத்துலதான் ஆஸ்திரியாவோட ஹைன்ரிஷ் பெரான் வர்றாரு, ஆல்ப்ஸ் மலைய பரந்த காட்சியா வரையுறதுல பேர் போன ஓவியர். மேரியோட படங்கள வெச்சு அவரு வண்ணத்துல தீட்டினது நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகையோட இணைப்பா வந்தது, 1967-ல முதல்ல இந்தியப் பெருங்கடல், அப்புறம் அட்லாண்டிக், பசிபிக். வீட்டுச் சுவர்லயும் பள்ளிக்கூடச் சுவர்லயும் கடலோட அடி தொங்க ஆரம்பிச்சது அப்பதான்.

ஹீசன், மேரி, பெரான் மூணு பேரும் சேந்து கடைசியா போட்டது 1977-ல வந்த உலகக் கடல்தள மேப். அது முடியுற நேரத்துல, 1977 ஜூன் 21, ஐஸ்லாந்துக்குத் தெற்க நடுமலைய நேர்ல பாக்க ஒரு சின்ன நீர்மூழ்கியில போயிருந்த ஹீசன் மாரடைப்புல இறந்துட்டாரு. 53 வயசு. அதே சமயத்துல மேரி அந்தப் பக்கமே டிஸ்கவரிங்கிற பிரிட்டிஷ் கப்பல்ல இருந்தாங்க. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன உறவுன்னு நெறைய பேர் ஆராயுறாங்க, எனக்கு அதுல நுழைய விருப்பமில்ல. ஒருத்தரோட வேலை இன்னொருத்தர் இல்லாம இல்லங்கிறது மேப்லயே தெரியுது, போதும்.

அதுக்கு அப்புறம் 1983-ல ஓய்வு பெற்ற மேரி வீட்டுலேர்ந்தே மேப் வித்துக்கிட்டு, ஹீசனோட பேப்பர்கள ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருந்தாங்க. மொத்த சேகரிப்பையும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குக் குடுத்தாங்க. 1997-ல அந்த நூலகம் இருபதாம் நூற்றாண்டோட மிகச் சிறந்த நாலு மேப் நிபுணர்கள்ல ஒருத்தரா அவங்கள அறிவிச்சுது. 1999-ல உட்ஸ் ஹோல் கடலியல் ஆராய்ச்சி நிலையம், 2001-ல லாமான்ட்டே கூப்பிட்டு மரியாதை பண்ணுச்சு. 2006 ஆகஸ்ட் 23-ல இறந்தாங்க, 86 வயசு. பின்னணியிலயே வேலை பாத்தேன், ஆனா எனக்கு மனக்குறை எதுவும் இல்ல, இவ்ளோ சுவாரசியமான வேலை கெடச்சது என் அதிர்ஷ்டம்னு அவங்க சொல்லியிருக்காங்க. இதவிடப் பெருசா எதையும், இந்தக் கிரகத்துலயாவது, கண்டுபிடிக்க முடியாதுன்னும் சொன்னாங்க. மனக்குறை இல்லன்னு அவங்க சொல்றத நான் அப்படியே ஏத்துக்கிறேன். அவங்களுக்காக நாம குறைப்பட்டுக்கிறது வேற விஷயம், அது நம்ம உரிமை.

2023-ல அமெரிக்கக் கடற்படை தன்னோட ஒரு கடல் ஆய்வுக் கப்பலுக்கு மேரி தார்ப்னு பேர் மாத்தி வெச்சுது. இன்னைக்கு மல்டிபீம் சோனார் இருக்கு, ஒரே நேரத்துல கப்பலுக்குக் கீழ அகலமான ஒரு பட்டை முழுசையும் அளந்துடும். அப்படி இருந்தும் உலகக் கடலடியில நேரடியா, துல்லியமா அளந்தது கால்வாசிக்குக் கொஞ்சம் மேலதான், மிச்சத்துக்கு இன்னமும் சேட்டிலைட் கணிப்பத்தான் நம்பிக்கிட்டு இருக்கோம்.

அந்த 1977 மேப்புக்காக பெரான் தீட்டின மூல ஓவியம் காங்கிரஸ் நூலகத்தோட இணையதளத்துல பெரிய சைஸ்ல இலவசமா இருக்கு. போன்ல பாக்காதீங்க, கம்ப்யூட்டர்ல திறந்து நல்லா பெருசாக்கிப் பாருங்க. முதல்ல அட்லாண்டிக் போங்க, ஐஸ்லாந்துலேர்ந்து நடுமலை முதுகப் புடிச்சுக்கிட்டே கீழ வாங்க, அந்த முதுகுல நடுவுல ஒரு கீறல் மாதிரி ஓடுது பாருங்க, அதுதான் அந்த வி. அப்புறம் ஆப்பிரிக்காவோட அடியச் சுத்தி இந்தியப் பெருங்கடலுக்கு வந்தீங்கன்னா, மொரீஷியஸுக்குக் கிழக்க மூணு மலைத்தொடர் ஒரு இடத்துல வந்து சந்திக்கும். அங்கேர்ந்து வடக்க போற கிளையப் புடிச்சா அரபிக்கடல் வழியா ஏடன் வளைகுடாவுக்குள்ள நுழைஞ்சிடலாம்.